நாலு விரற்கடை

ஐயாதுரை சாருக்குச் சமுத்திரம் தர வேண்டியது அறுநூறு ரூபாய். அவர் இறந்து அறுபத்தோரு நாள் ஆகியும் அது தீரவில்லை. மூன்று இருநூறு ரூபாய் நோட்டுகளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். ராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்வரை பத்துத் தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பான்.

சார் வீட்டுக் கார் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கியதும் பெட்ரோலும் எலிப்புழுக்கையும் நனைந்த சாக்கும் கலந்த வாடை முகத்தில் வந்து மோதியது. மாலை ஐந்து மணிதான். ஆனால் மலைப்பக்கம் மேகம் இறங்கி, தெருவே விளக்கு வைத்த நேரம்போல மங்கிக் கிடந்தது. காரின் உறையை இழுத்தான். உள்ளே கூரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யாரோ கதவைச் சரியாகச் சாத்தவில்லை, பேட்டரி இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பானட்டைத் தூக்கிக் கம்பியால் முட்டுக்கொடுத்தான்.

பேட்டரியின் மைனஸ் வயர் கழற்றிக் கிடந்தது. அதன் முனையில் மஞ்சள் துணி சுற்றி, மேலே இரட்டை முடிச்சு. அவன் போடுகிற முடிச்சு. வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி. கரண்ட் தாண்டிப் போக வழியே இல்லை.

அந்த மஞ்சள் துணியை அவன் அறுபத்தோரு நாளுக்கு முன்பே அவிழ்த்துச் சாக்கடையில் வீசியிருந்தான்.

மாதத்துக்கு ஒரு தடவைகூட வெளியே போகாத கார் அது. ஐயாதுரை சாரும் அவர் மனைவி ஹெப்சிபா டீச்சரம்மாவும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போயிருக்கும் நேரத்தில் சமுத்திரம் வந்து, இருபது நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்து, டேஷ்போர்டில் இருக்கும் நோட்டில் தேதியும் வோல்ட்டும் எழுத வேண்டும். ஒரு வாரத்துக்கு இருநூறு. மூன்று நாலு வாரம் சேர்ந்ததும் சார் நோட்டைப் பார்த்துப் பச்சை மையில் டிக் போட்டுப் பணம் தருவார்.

மில்லில் ஞாயிறு வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்றார்கள். பஞ்சுப் பேல் ஏற்றுகிற வேலைதான், போனான். அதற்கு முன் ஒரு நாள் வந்து, சும்மா நிற்கிற வண்டியில் சார்ஜ் இறங்காமல் இருக்கட்டும் என்று வயரைக் கழற்றித் துணி சுற்றினான். அதில் தப்பில்லை, எந்த மெக்கானிக்கும் சொல்வதுதான். சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் வராதது தெரிந்துபோகும்.

மூன்று ஞாயிறு போனது. புதன்கிழமை சாயங்காலம் வந்து மூன்று தேதிகளையும் ஒரே உட்காரலில் எழுதினான். 12.6, 12.6. எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று மூன்றாவதை மட்டும் 12.5 ஆக்கினான். சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்தார்.

“பேருதான் சமுத்திரம். பேட்டரிக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்துனியாலே?” என்று சிரித்துக்கொண்டே மூன்று டிக் போட்டு அறுநூறு தந்தார்.

நோட்டைக் காரில் வைக்கப்போனபோது வயர் ஞாபகம் வந்தது. தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொள்ளலாம் என்று ஓடினான்.

வியாழன் விடியுமுன் சாருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வந்து சேருமுன் காரிலேயே போய்விடலாம் என்று அவரே சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அந்த சீட்டில்தான் உயிர் போனது. தகவல் கேட்டு ஓடிவந்த சமுத்திரம், எல்லாரும் வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்கையில் ஷெட்டுக்குள் நுழைந்து வயரை மாட்டினான். சாயங்காலம் மகன் ஜெபின் சாவியைத் திருப்பினதும் கார் ஒரே உறுமலில் கிளம்பியது.

“அப்பாவுக்குச் சாவி திருப்பக்கூடத் தெம்பில்லாம போச்சே” என்று ஜெபின் காரின்மேல் சாய்ந்து அழுதான்.

“லைட்டப் போட்டுக்கிட்டு என்னத்தப் பாக்க?”

பேட்டரியைப் பார்த்தபடி நின்றிருந்த சமுத்திரம் திடுக்கிட்டுத் திரும்பினான். ஹெப்சிபா டீச்சர் ஒரு கையில் பைபிளும் மறுகையில் குடையுமாக வாசலில் நின்றார்.

“நான் போடல டீச்சரம்மா. இந்த வயர யாராச்சும் கழத்துனாவளா?”

“ஷெட்டுச் சாவி ஒங்கிட்டதான கெடக்கு. அவிய போன பொறவு நான் இங்கன காலே வைக்கல. கார வாங்க ஆளு வாற வரைக்கும் பாத்துக்கிடுன்னுதான் ஒன்ன வரச்சொன்னேன்.”

அவன் பணத்தை எடுத்து நீட்டினான்.

“சாருகிட்டக் கூடுதலா வாங்கிட்டேன். அறுநூறு. மூணு ஞாயிறு நான் வரல. வந்ததா எழுதிட்டேன்.”

“அம்புட்டுத்தானா?”

தொண்டைவரை வந்தது. மூன்றே வார்த்தை. வயரைக் கழற்றினது நான்தான். சொல்லிவிட்டால் இந்த அம்மா செருப்பால் அடித்தாலும் அடிக்கட்டும்.

“அம்புட்டுத்தான் டீச்சரம்மா.”

டீச்சர் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“அவிய சாவியத் திருப்பித் திருப்பிப் பாத்தாவ. கை நழுவிருச்சு. பொறவு நானுந்தான் குனிஞ்சு திருப்புனேன். எனக்குத் தெம்பு இருந்துச்சு சமுத்திரம்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அவிய கணக்குல நான் கை வைக்க மாட்டேன். அவியகிட்டயே குடுத்துரு. நோட்டு உள்ளதான் இருக்கு. நான் ஜெபக்கூட்டத்துக்குப் போயிட்டு வாரேன்.”

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு தகரக் கூரைமேல் மழையின் முதல் துளிகள்.

முடிச்சை அவிழ்த்தான். துணியில் சாக்கடை நாற்றம் அடித்தது. வயரைப் பேட்டரியில் அழுத்திப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நட்டை முறுக்கினான். பேல் விழுந்து கறுத்துப்போன வலது கட்டைவிரல் நகம் விண்ணென்று தெறித்தது. வயர் சேர்ந்த நொடியில் உள்ளே விளக்கு அணைந்தது.

போய்விடலாமா என்று நினைத்தான். பணம் சட்டைப்பையில் கனத்தது. வைத்துவிட்டுப் போவோம், இருபது நிமிஷம் ஓடவிட்டுப் போவோம், இந்த ஒரு தடவையாவது உள்ளதை எழுதுவோம் என்று பானட்டைத் திறந்தபடியே விட்டு டிரைவர் சீட்டில் ஏறினான். சாவி வண்டியிலேயே தொங்கியது. சாவியைத் திருப்பினான். இன்ஜின் கிளம்பி, சீராக ஓடியது. மூச்சு வந்தது. நோட்டை மடியில் விரித்து, பச்சை டிக் போட்ட அந்த மூன்று வரிகளின்மேல் பணத்தை வைத்தான்.

அப்போதுதான் தைலவாசனை வந்தது. சார் பிடரியில் தேய்த்துக்கொள்ளும் தைலம். அவன் முதுகு பட்ட இடமெல்லாம் சீட் சூடாக இருந்தது, வெகுநேரம் யாரோ உட்கார்ந்து இப்போதுதான் எழுந்து இடம் விட்டதுபோல.

இன்ஜின் நின்றது.

மழையும் நின்றதுபோல அவ்வளவு அமைதி. சாவியைத் திருப்பினான். கடக். ஒரு முனகல்கூட எழவில்லை. மறுபடியும். கடக்.

இடது தோளில் ஒரு வலி. கை வழியாக இறங்கியது. பிறகு நெஞ்சில். பேல் ஒன்றை மெல்ல இறக்கி வைப்பதுபோல. கதவுப்பிடியை இழுத்தான். விரலில் பிடிப்பில்லை.

தலைக்குமேல் விளக்கு எரிந்தது.

தூக்கி நின்ற பானட்டின் அடியில் ஒரு சின்ன இடுக்கு. அதன் வழியே பேட்டரி தெரிந்தது. பேட்டரிமேல் இரண்டு கைகள் தெரிந்தன. அவசரமில்லாத கைகள். ஸ்பேனரைத் திருப்பின. வயரைத் தூக்கின. நாலு விரற்கடை தள்ளி வைத்தன. மஞ்சள் துணியை எடுத்துச் சுற்றத் தொடங்கின.

வலது கட்டைவிரலில் நகம் கறுத்திருந்தது.

“வேண்டாம்” என்றான். சத்தம் வரவில்லை.

மடியிலிருந்த நோட்டில் பணம் இல்லை. அவன் எழுதிய மூன்று வரிகளின்மேலும் கோடு விழுந்திருந்தது. கீழே, ஈரம் காயாத பச்சை மையில், சாரின் கையெழுத்து:

‘ரூ. 600 வரவு. கணக்கு நேர்.’

இடுக்கில் இரட்டை முடிச்சு இறுகியது.

சமுத்திரம் சாவியைத் திருப்பினான்.

கடக்.