சிமிடிபல்லிக்கு அப்பால்

பின்னாளில் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: கணவரிடம் முதலில் எது வித்தியாசமாகத் தெரிந்தது? சாப்பாடா, பேச்சா, கோபமா என்று அவர்களே எடுத்தும் கொடுப்பார்கள். நூகரத்னம் தலையை மட்டும் ஆட்டுவாள். அவளுக்கு முதலில் தெரிந்தது வேறு. அவர் தூக்கத்தில் கேட்டதற்கு அவள் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், அந்த அறையில் வேறு யாரோ பதில் சொன்னார்கள்.

சரக்கு ரயில் ஓட்டுபவரின் வீட்டில் நண்பகல்தான் நடுநிசி. அவள் கணவர் பைடிராஜு மலையிலிருந்து வண்டியை இறக்கிவிட்டு விடிந்த பிறகு வருவார். குளித்து, பருப்புச் சோறும் ஆவக்காய் ஊறுகாயும் தின்று, பத்து மணிக்குப் படுத்துவிடுவார். ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை, கதவின் அடியில் சுருட்டி வைத்த துண்டு. காலனியில் பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் மங்கிக் கேட்கும். இருட்டில் மின்விசிறியின் முனகலும், எத்தனை துவைத்தாலும் அவர் உடுப்பை விட்டுப் போகாத இரும்புத் தாதுத் தூளின் வாடையும் மட்டும் இருக்கும். அவளும் வேலை முடிந்ததும் பக்கத்தில் வந்து படுப்பாள்.

தூக்கத்திலும் அவர் வண்டி ஓட்டுவார். எஞ்சினில் இருக்கும் இருவரும் ஒவ்வொரு சிக்னலையும் கை நீட்டிக் காட்டி, நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நிலையத்துக்கு முன்னால் டிஸ்டண்ட், நுழையும் இடத்தில் ஹோம், கிளம்பும் இடத்தில் ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்று சிக்னல்கள். அந்தப் பழக்கம் கட்டில்வரை வந்திருந்தது. கண் மூடியபடியே வலக்கை மேலே எழும். "பொத்தவரா. ஹோம்?" என்பார். திருப்பிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் கை இறங்காது, மூச்சு வாங்கும். கல்யாணமான முதல் மாதமே நூகரத்னம் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "பச்சை" என்பாள். "பச்சை" என்று அவரும் சொல்வார், கை இறங்கும், குறட்டை ஆரம்பிக்கும். பதினேழு வருடம்.

"ஒரு நாளாவது சிவப்புன்னு சொல்லிப் பாக்கப் போறேன்" என்பாள்.

"சொல்லித் தொலைக்காதே. வண்டிய நிறுத்திட்டு எழுந்து உக்காந்துருவேன். அப்புறம் உனக்குத்தான் தூக்கம் போகும்" என்று கண்ணடிப்பார்.

அந்த ஜூன் மாத மழையில், மலை ஏறும்போது, சிமிடிபல்லி நிலையத்தைத் தாண்டிய வளைவில், சுரங்கப்பாதையின் வாயில் ஒரு பெண் தண்டவாளத்தின் நடுவில் நின்றிருந்தாள். நிறுத்த முடியவில்லை. அதைப் பற்றி அவர் வீட்டில் ஒரே ஒரு முறைதான் பேசினார்.

"ஹார்ன் அடிச்சேன் ரத்னம். அவ என்னையே பாத்துட்டு நின்னா. பயம்னு ஒண்ணு அவ மூஞ்சில இல்லவே இல்ல. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னா."

மூன்று நாள் வீட்டில் இருந்தார். நான்காம் நாள் வேலைக்குக் கூப்பிட்டு போன் வந்தது. ஷூ நாடாவை இரண்டு முறை முடிச்சுப் போடப் பார்த்து விட்டுவிட்டார். நூகரத்னம் தரையில் மண்டியிட்டு நாடாவைக் கட்டிவிட்டாள். "ஒண்ணும் இல்லைங்க. எல்லாம் பச்சைதான். போயிட்டு வாங்க" என்றாள். அவர் போனார்.

பத்து நாள் கழித்து ஒரு நண்பகலில் அவர் கை எழுந்தது.

"சிவலிங்கபுரம். டிஸ்டண்ட்?"

அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"பச்சை."

தாழ்ந்த குரல். பெண் குரல். அவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கம் சுவர்தான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கும், அவ்வளவுதான்.

"பச்சை" என்று பைடிராஜு திருப்பிச் சொன்னார். கை இறங்கியது.

நூகரத்னம் அசையாமல் கிடந்தாள். தான்தான் அரைத்தூக்கத்தில் சொல்லியிருப்போம் என்று நினைத்தாள். மாலைக்குள் அதை நம்பியும் விட்டாள்.

அடுத்த முறை அவர் சிவலிங்கபுரத்தின் ஹோம் சிக்னலைக் கேட்டார். அதற்கடுத்து ஸ்டார்ட்டர். பிறகு த்யாடா, டிஸ்டண்ட். ஒவ்வொரு முறையும் அவளுக்கு அரை நொடி முந்தி அந்தக் குரல் பச்சை என்றது. முன்பெல்லாம் அவருடைய தூக்கம் அந்த மலைப் பாதையில் கால்போன போக்கில் திரியும். இன்று அரக்கு, நாளை கொத்தவலசா. இப்போது ஒரு சிக்னலைக்கூட விடாமல், வரிசையாக, மேல்நோக்கி. சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது இது அவளுக்கு உறைத்தது. கை மாவோடு அப்படியே நின்றுவிட்டது. வண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. த்யாடாவுக்கு அடுத்தது சிமிடிபல்லி. சிமிடிபல்லி ஸ்டார்ட்டரைத் தாண்டினால் அந்த வளைவு வரைக்கும் சிக்னலே கிடையாது.

ஒவ்வொரு நிலையம் கடக்கும்போதும் பைடிராஜு கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தார். தட்டில் சோறு மிஞ்சியது. குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கதவைத் தட்டினால், "ம்" என்பார், அரை மணி கழித்து நனையாமல் வெளியே வருவார். பைக்கில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகாமல் இறங்கிவிடுவார். மகள் விடுதியிலிருந்து போன் செய்தால், "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதோடு சரி. தூக்கத்தில் அவர் பாதத்தைத் தொட்டால் மழையில் கிடந்த கல்லைப் போலச் சில்லிட்டிருந்தது.

அவரைக் குரு என்றே கூப்பிடும் அசிஸ்டெண்ட் அப்பலநாயுடு ஒரு மாலை வந்தான்.

"அண்ணி, டீல இஞ்சி தட்டிப் போடுங்க. போன தடவை குடுத்தது டீயா, பாத்திரம் கழுவின தண்ணியான்னு இன்னும் சந்தேகமா இருக்கு."

டம்ளரைக் கையில் வாங்கியதும் அவன் குரல் இறங்கியது. "குரு எஞ்சின்ல பேசறதே இல்ல அண்ணி. முன்னெல்லாம் என் மாமியாரைக் கிண்டல் பண்ணியே மலை ஏறி முடிச்சிருவாரு. இப்ப சிக்னல் மட்டும்தான். முந்தாநாள் த்யாடால, நான் வாயே திறக்கல. 'பச்சை'ன்னு திருப்பிச் சொல்றாரு. யார் சொன்னதைத் திருப்பிச் சொன்னாருன்னு தெரியல."

"சிக்னல் என்னவா இருந்துச்சு?"

"நல்லவேளை, பச்சைதான்." அவன் டீயைக் குடிக்காமலேயே வைத்துவிட்டான். "அடுத்த தடவையும் அப்படியே இருக்கணும்ல."

மறுநாள் வேலைக்கான போன் வந்தபோது நூகரத்னம் முந்திக்கொண்டு எடுத்தாள். "அவருக்கு உடம்பு சரியில்ல. வர மாட்டாரு" என்று சொல்லி வைத்தாள்.

"யாரைக் கேட்டு சொன்னே?" என்றார் பைடிராஜு. "ஆஸ்பத்திரிக்குப் போனா பைத்தியம்னு எழுதிருவாங்க. தெரியுமா உனக்கு?"

"எழுதட்டும். எழுதறதுக்கு ஆளு உசுரோட இருக்கணுமில்ல?"

அவர் எழுந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் சுவர்ச்சலா நரைத்த தலையும் தாழ்ந்த குரலுமாக இருந்தார். பைத்தியம் என்று எதையும் எழுதவில்லை. பைடிராஜுவைத் தனியாக ஒரு மணி நேரம் பேச வைத்தார். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"இது நோய்மா. வெக்கப்பட ஒண்ணுமில்ல, குணமாகும். மாத்திரை பிடிக்க ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது, தனியா விடக் கூடாது. சாகணும்போல இருக்கான்னு நேராவே கேளுங்க, கேட்டா தப்பில்ல. ஆமான்னா உடனே கூட்டிட்டு வாங்க. அவர் பேசினா கேளுங்க. ஒண்ணும் இல்லைன்னு மட்டும் சொல்லிராதீங்க."

நூகரத்னம் தரையைப் பார்த்தாள்.

"நீங்க தூங்கறீங்களா?"

யாரிடமும் சொல்லாததை அவள் அப்போது சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. "தூக்கம் கெட்ட மூளைக்கு இல்லாத சத்தம் கேக்கும். உங்களையும் பயம் பிடிச்சிருக்கு. அடுத்த தடவை கேட்டா, மெதுவா மூச்சு விடுங்க, லைட்டைப் போடுங்க. பதிலை நீங்களே சொல்லுங்க. திங்கக்கிழமை ரெண்டு பேரும் வாங்க."

திரும்பும்போது ஆட்டோவில் பைடிராஜு அழுதார். "பயமா இருக்கு ரத்னம்" என்றார். பதினேழு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை. "எனக்கும்" என்றாள். சாகணும்போல இருக்கா என்று கேட்டாள். சில நேரம், இப்ப இல்ல என்றார். அவர் கையை அவள் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேழ்வரகுக் கூழான அம்பலியை ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தார். வெகுநாளைக்குப் பிறகு அவளுக்கு முதுகு இளகியது.

அவர் படுக்கும் முன் அவள் கட்டிலைத் தள்ளிச் சுவரோடு ஒட்டிவிட்டாள். கத்தி நுழையவும் இடமில்லை.

மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய் மின்விசிறி மெல்ல நின்றது. அறை இருட்டி, ஈர மண்ணும் இரும்பும் கலந்த வாடை கனத்துக்கொண்டே வந்தது. அவள் தூங்கவில்லை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை எழுந்தது.

"சிமிடிபல்லி. ஸ்டார்ட்டர்?"

"சிவப்பு" என்றாள் நூகரத்னம்.

எந்தக் குரலும் குறுக்கே வரவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் நெற்றி சுருங்கியது.

"சிவப்பு" என்றார். பிரேக்கைப் பிடிப்பதுபோல் இடக்கை எதையோ இழுத்துப் பிடித்தது. நீண்ட மூச்சு ஒன்று வெளியேறியது. கை இறங்கியது.

நின்றுவிட்டது. அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

கால் மணி ஆகியிருக்கும்.

"ஸ்டார்ட்டர்?"

சிக்னலில் நிற்கும் வண்டி கேட்டுக்கொண்டுதான் இருக்கும். "சிவப்பு" என்றாள். மறுபடி. மறுபடி. மழை வலுக்க வலுக்க அவர் கேட்கும் இடைவெளி குறைந்தது. வெளிச்சம் வேண்டும். எழுந்து ஸ்விட்சைத் தட்டினாள். கரண்ட் இல்லை. கதவைத் திறக்கலாம் என்று, அவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் பின்னாலேயே நடந்தாள். முதுகு கதவில் இடித்தது.

"ஸ்டார்ட்டர்?" அலுத்துப்போன குழந்தையைப் போல அவர் கேட்டார்.

"பச்சை."

கட்டிலிலிருந்து வந்தது.

இந்த முறை அவளுக்கு அந்தக் குரல் அடையாளம் தெரிந்தது. அந்த இழுப்பு. அந்தக் கொஞ்சல். மண்டியிட்டு நாடா கட்டியபோது இருந்த அதே அவசரம்.

அவளுடைய குரல்.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வளையல்கள் தாடையில் அழுந்தின. உதடுகள் ஒட்டிக் கிடந்தன. பல் கடித்திருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க" என்றது அவள் குரல், சுவர் ஓரத்திலிருந்து. "எல்லாம் பச்சைதான். போயிட்டு வாங்க."

"பச்சை" என்றார் பைடிராஜு, பணிவாக.

வண்டியைக் கிளப்புவதுபோல் இடக்கை எதையோ முன்னால் தள்ளியது. கட்டில் கால்கள் தரையில் மெதுவாக அதிரத் தொடங்கின. ஜன்னல் போர்வை உள்பக்கமாக உப்பியது. குளிர்ந்த காற்று. சுரங்கத்தின் காற்று. அவள் புடவை கால்களில் படபடத்தது.

கத்த வேண்டும். கையை எடுக்க முடியவில்லை.

நகர வேண்டும். கால் எழவில்லை. ஏன் எழவில்லை என்று தெரியவில்லை. பயம்கூட எங்கோ தள்ளிப் போயிருந்தது, பஸ்ஸுக்கு நிற்பவளுக்குப் போல.

எஞ்சினின் முன்விளக்குப் போல ஒரு வெளிச்சம் அவள் மேல் விழ ஆரம்பித்தது. அதில் கட்டில் தெரிந்தது. அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். வலக்கை நேராக நீண்டிருந்தது. அதன் பக்கத்தில், கட்டிலும் சுவரும் ஒட்டிய இடத்திலிருந்து, இன்னொரு கை நீண்டிருந்தது. ஈரமான கை. முழங்கைவரை அவளுடைய வளையல்கள்.

இரண்டு கைகளும் ஒரே இடத்தைக் காட்டின.

அவள் நிற்கும் இடத்தை.

ஹார்ன் அலறியது. பைடிராஜு கண்களைத் திறந்து அவளையே பார்த்தார்.