ஆறு வீட்டுக் கிணறுகள்

"அந்த ஊட்டுக் கதவ யாரு தொறந்தது மெஹரு?"

மெஹர்னிசா பொங்கி வந்த பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் திரும்பினாள். கேட்டவள் ஓர்ப்படி ஜாஹிதா. முந்தின நாள் மாலைதான் கணவர் பக்கீர் முகம்மதுவோடும் சமையல் பண்டாரிகளோடும் மதராஸிலிருந்து கால்வாய்ப் படகில் வந்து பழவேற்காட்டில் இறங்கியிருந்தாள். மறுநாள் பகலில் அவள் மகள் சாயிரா பானுவுக்கு நிக்காஹ். மதராஸ் மண்ணடியில் எத்தனை வசதி இருந்தாலும் கல்யாணம் மெஹர்னிசா இருக்கும் பூர்வீக வீட்டில்தான் என்று பக்கீர் முகம்மது சொல்லிவிட்டார்.

"நான்தான் லாத்தா தொறந்தேன்."

"உள்ள யாரோ சோறாக்கிக்கினு கீறாங்கோ. மீன் வாடை தெருக்கோடி வரைக்கும் அடிக்குது."

"அது ரோசம்மா. புயல்ல குடிசை போயிடுச்சி. அங்கதான் கீறா."

ஜாஹிதா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கணவரைத் தேடிப் போனாள். இனி என்ன நடக்கும் என்பது மெஹர்னிசாவுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வரிசையில் மொத்தம் ஆறு வீடுகள். எல்லாம் பங்காளிகளுடையவை. கப்பல் வியாபாரம் படுத்த பிறகு ஒவ்வொரு குடும்பமாக மதராஸுக்குப் போயிற்று. போகிறவர்கள் பூட்டிச் சாவியை மெஹர்னிசாவிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் கணவன் உமர் பாரூக்கும் அண்ணன் பக்கீர் முகம்மதுவின் கடைக்கே போய்விட்டான். படுக்கையில் கிடந்த மாமியாருக்காக அவள் தங்கினாள். மாமியார் மவுத்தான பிறகும் போகவில்லை. சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு தெருவையே ஆள நினைக்கிறாள் என்று ஜாஹிதா மண்ணடியில் சொல்லிவந்தாள். அந்தப் பேச்சு படகேறி மெஹர்னிசாவின் காதுக்கும் வந்திருந்தது.

சாவி கொடுத்தவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கவில்லை. சுண்ணாம்புச் சுவருக்குக் காற்று வேண்டும். வீடு பூட்டிக் கிடந்தால் ஈரம் சுவரிலேயே நின்று பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். மாடித் தூம்பை இலை அடைத்துக்கொள்ளும். மழை தேங்கி உத்தரம் உளுத்துப்போகும். இறைக்காத கிணறு நாறும். பூட்டிப் பத்திரப்படுத்தியதாக அவர்கள் எண்ணிய வீடுகள் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தன. மெஹர்னிசா தினமும் திறந்து, கூட்டி, ஒவ்வொரு கிணற்றிலும் இறைத்துப் பார்த்தாள். ஒருத்தியால் முடிகிற வேலையாக இல்லை.

அப்போதுதான் புயல் வந்தது. ஏரிக்கரையில் குடிசை இழந்த ஐந்து குடும்பங்கள் அவளிடம் வந்து நின்றன. காலியாக இருந்த ஐந்து வீடுகளிலும் அவர்களை வைத்தாள். வாடகை கேட்கவில்லை. வீட்டை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அவரவர் வீட்டுக் கிணற்றில் மட்டும் அளவாக இறைக்க வேண்டும். அதுதான் பேச்சு.

பழவேற்காட்டுக் கிணறுகளின் சங்கதி அப்படி. ஊர் இருப்பது உப்புநீர் ஏரியை ஒட்டிய மணல்மேட்டில். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியிலிருக்கும் உப்புத் தண்ணீரோடு கலக்காமல், பாலின் மேல் ஏடு படிவதுபோல் மெல்லிசாகத் தங்கும். கிணறுகள் தொடுவது அந்த ஏட்டைத்தான். அளவாக இறைத்தால் சுற்றிலுமிருந்து நல்ல தண்ணீர் ஊறிவரும். அடித்து இறைத்தால் ஏடு கிழியும். கீழே கிடக்கும் உப்பு மேலே வந்துவிடும்.

அதனால்தானோ என்னவோ, அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. அடுத்த வீட்டுக் கிணற்றில் கயிறு போட மாட்டார்கள். அதைக் கௌரவம் என்று நினைத்தார்கள். ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் தங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு வீட்டின் முதல் குடத்தையும் பெண்ணைப் பெற்றவள் வாசலில் நின்று தன் கையால் வாங்க வேண்டும். அதைப் பாசம் என்று நினைத்தார்கள். கௌரவமும் பாசமும் சேர்ந்து கிணறுகளைக் காப்பாற்றி வந்தன. இந்தக் கல்யாணத்துக்கும் அந்த ஐந்து வீட்டிலிருந்து தண்ணீர் வர மெஹர்னிசா ஏற்பாடு செய்திருந்தாள்.

அதைச் சொல்ல அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. பூர்வீக வீடுகளைச் சத்திரமாக்கிவிட்டாள் என்றார் பக்கீர் முகம்மது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஜாஹிதா அழுதாள். மெஹர்னிசா, அண்ணனோடு கல்யாணத்துக்கு வந்திருந்த தன் கணவனைப் பார்த்தாள். உமர் பாரூக் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணன் சொல்றதச் செய் மெஹரு. பேஜாரு பண்ணாத."

அத்தனை வருஷம் தனியாகக் கிடந்தபோது வராத அழுகை அப்போது அவளுக்கு வந்தது. அடக்கிக்கொண்டாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து பக்கீர் முகம்மதுவின் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க பெரிய மச்சான். ஒரே கெணத்துல மொத்தத்தையும் எறைச்சிடாதீங்க."

"எங்களுக்குத் தண்ணிக்கு வேற அளவு வெச்சிட்டாளா இவ?" என்றாள் ஜாஹிதா.

உச்சிவேளைக்குள் ஐந்து வீடுகளும் காலியாயின. ரோசம்மாள் சட்டிபானையைத் தலையில் வைத்துக்கொண்டு, கூட்டிப் பெருக்கிய வாசலைத் திரும்பிப் பார்க்காமல், மற்ற நான்கு குடும்பங்களோடு கால்வாயோரக் கொட்டகைக்குப் போனாள். மாலையில் மண்ணடிப் பண்டாரிகள் கல்யாண வீட்டுக் கிணற்றில் இரண்டு கயிறு போட்டு அண்டா அண்டாவாக இறைத்தார்கள். மதராஸ் குழாயில் காலையில் வருவதும் மாலையில் வருவதும் ஒரே தண்ணீர்தானே. கிணறும் அப்படித்தான் என்று நினைத்தார்கள்.

விடிந்ததும் முதலில் டீ கெட்டது. பால் திரிந்துபோயிற்று. பண்டாரி அண்டாத் தண்ணீரை வாயில் விட்டுக் காறித் துப்பினான். ஊற வைத்த அரிசி முழுவதும் உப்பு. மாப்பிள்ளை படகு பகலுக்குள் வந்துவிடும். ஊரே சாப்பிட வரும்.

பக்கீர் முகம்மது சாவிக்கொத்தோடு சமையற்கட்டுக்கு வந்தார்.

"மெஹரு, நீயே போயி மத்த கெணத்துல எறைச்சிக் குடும்மா."

"அஞ்சு கெணறு, நான் ஒருத்தி. எந்தக் கெணறு எவ்ளோ தாங்கும்னு அதுல தெனம் எறைக்கறவங்களுக்குத்தான் தெரியும். பண்டாரிங்கள உட்டா அதுங்களும் உப்பாயிடும்."

ஜாஹிதாதான் கையை நீட்டிக் கணவரிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கினாள். செருப்புகூடப் போடாமல் கால்வாய்ப் பக்கம் நடந்தாள்.

ரோசம்மாள் கொட்டகை வாசலில் கருவாடு உதறிக்கொண்டிருந்தாள்.

"மீன் வாடை அடிக்கும்மா. உங்க சம்பந்திங்க இன்னா நெனைப்பாங்கோ?"

"நெனைச்சா நெனைக்கட்டும். எம் பொண்ணு கல்யாணம், நாலு பேருக்குச் சோறு போட முடியாம நிக்கறேன்... வா ரோசம்மா."

ரோசம்மாள் கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "மெஹரு பாயம்மா வரச் சொன்னாங்களா?"

"அவ சொல்லல. நான்தான் கூப்புடறேன்."

வெயில் ஏறுவதற்குள் ஐந்து குடும்பங்களும் அவரவர் இருந்த வீட்டுக்குத் திரும்பின; குடங்கள் வரிசையாக வந்தன. அவசரமில்லாமல், விட்டு விட்டு இறைத்த தண்ணீர். முதல் குடம் ரோசம்மாளுடையது. ஜாஹிதா வாசலில் நின்று இரண்டு கையாலும் வாங்கினாள். குடம் தளும்பி அவள் பட்டுச் சேலையில் கொட்டியது. அதை உள்ளே வைத்துவிட்டு வந்தவள் மெஹர்னிசாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடு மெஹரு. உன்னப் பத்தி நான் இன்னா இன்னாவோ பேசிட்டேன்."

"தெரியும் லாத்தா. அழாதீங்க. இன்னும் நாலு ஊட்டுக் கொடம் வாங்கணும்."

நெய்ச்சோறு கொஞ்சம் தாமதமாக இறங்கியது. சாப்பிட்ட யாரும் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் படகு புறப்படும் முன் பக்கீர் முகம்மது சாவிக்கொத்தை மெஹர்னிசாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அந்தந்த வீட்டில் இருக்கிறவர்கள் கையில் கொடுக்கச் சொன்னாள். அவர் சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு ஐந்து வாசலுக்கும் தாமே போனார்.

உமர் பாரூக் மட்டும் படகேறவில்லை. கடைக்கு வேறு ஆள் வைக்கும்படி அண்ணனிடம் சொல்லிவிட்டானாம். மெஹர்னிசாவிடம் அதைச் சொல்ல வாய் வராமல் முற்றத்தில் சுற்றிக்கொண்டிருந்தவன், கடைசியில் குடத்தைக் கையில் எடுத்தான்.

"எத்தினி கொடம் எறைக்கட்டும்?"

"இங்கயா? நம்ம கெணறு ஒடம்பு முடியாம கெடக்குது. மழை பெய்யற வரைக்கும் தொடாதீங்க." மெஹர்னிசா தெருப்பக்கம் கை காட்டினாள். "ரோசம்மா ஊட்டுல கேட்டு வாங்கிக்கினு வாங்க."

அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவன், குடத்தோடு போய் அடுத்த வீட்டு வாசலில் தயங்கி நின்று கதவைத் தட்டினான்.