சக்கரத்துக்கு ஒரு கல்

டொப்!

பின்சக்கரம் எதன்மீதோ ஏறி இறங்கியது. மதிவதனி அலறிவிட்டாள்.

"அய்யோ... ஏத்திப்போட்டேன்... எது மேலயோ ஏத்திப்போட்டேன்!"

ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. கணபதி பகுதியில், லேத் பட்டறைகள் நெருக்கியடிக்கும் அந்தச் சந்தில், சற்றுமுன் ஒரு நாய்க்குட்டி படுத்திருந்தது நினைவுக்கு வர, அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

"ஏனுங்க... கையெடுங்க. கல்லுதானுங்க அது."

விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள். காரை விற்கிறவன் குனிந்து நின்றான். பழைய கார் விற்கிற ஆள் என்றால் தங்கச் சங்கிலியும் வாய்ச்சவடாலுமாக இருப்பான் என்று நினைத்து வந்திருந்தாள். இவனுக்கோ சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்... அதற்காக இவ்வளவு நேரமா பார்ப்பது என்று தன்னையே அதட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"சும்மா உக்காந்து பாக்கறன்னுதான சொன்னீங்க? நகத்துவீங்கன்னு தெரிஞ்சா கல்ல எடுத்திருப்பனுங்க."

பயம் எழுந்துபோன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"சமதரையில நிக்கற வண்டிக்கு எதுக்குங்க கல்லு? அப்ப ஹேண்ட்பிரேக் புடிக்காது... அதான?"

"புடிக்குமுங்க."

"புடிச்சா கல்லு எதுக்கு?"

அவன் குனிந்து கல்லை எடுத்தான். தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரு பக்கம் சப்பை. அந்தக் கண்களில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

அவன் பெயர் பிரவின்குமார். மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடையும் பட்டறையில் மெஷின் ஓட்டுகிறான். சொந்த ஊர் வால்பாறை எஸ்டேட். 'ஓட்ட நேரமில்லீங்க, அதான் குடுக்கறேன்' என்று போனில் சொன்னதற்கு மேல் அவனைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அவளுக்கு வேண்டியது கார். அதுவும் உடனே! வால்பாறை அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. காலங்காலமாகக் காடுகழனி வேலை பார்த்த குடும்பத்தில் முதல் கவர்மென்ட் உத்தியோகம். பல்லடத்தில் கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் அப்பா ஐயாசாமி தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். கொடுத்த கையோடு, வால்பாறை மலைப்பாதையை யாரோ போனில் படம் பிடித்துக் காட்ட, அன்று இரவே அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"இத பாரு கண்ணு. சொந்த வண்டியில, நீயே ஓட்டி, என்னயப் பின்னால உக்கார வெச்சு மலை ஏறிக் காட்டு. ஏறிட்டீன்னா நிம்மதியா உட்டுட்டு வாரேன். இல்லீன்னா வேல வேண்டாஞ் சாமி."

அப்பாவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. டிரைவிங் ஸ்கூலில் பழகும்போது, மேம்பாலத்து ஏற்றத்தில் அவள் நிறுத்திய வண்டி பின்னால் உருண்டு ஓர் ஆட்டோவின் மூக்கை உடைத்திருந்தது. அன்றிலிருந்து ஏற்றம் என்றாலே உள்ளங்கை வேர்த்துவிடும்...

அவளோடு வந்திருந்த ஐயாசாமி இப்போது காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். டிக்கி இல்லாத கார் அவர் கணக்கில் காரே இல்லை. டிக்கியைத் திறந்து, அரிசி மூட்டைக்கு இடமிருக்கிறதா என்று கையை அகட்டிப் பார்த்துத் திருப்தியானார். மதிவதனியும் சும்மா இருக்கவில்லை. யூடியூப்பில் பார்த்த வித்தையெல்லாம் காட்டினாள். கதவு ரப்பரை உரித்துத் துரு இருக்கிறதா என்று பார்த்தாள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, வண்டி வெள்ளத்தில் நின்ற சேற்றுக்கறை இருக்கிறதா என்று முகர்ந்தே பார்த்தாள்.

"எல்லாத்தயும் பாத்துட்டீங்க... அடியில படுத்து ஒருக்கா பாத்துப்போடுங்க" என்றான் பிரவின்.

"பாப்பேன். சுடிதார் அழுக்காகும்னு உட்டேன்."

"பாய் தரட்டுமுங்களா?"

உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்துவிட்டால் மரியாதை போய்விடும்.

"மலை ஏறுதான்னு பாக்கோணும் தம்பி. வர்ற ஞாயித்துக்கெழம வால்பாறைக்கு ஓட்டிப் பாத்துப்போடலாம்" என்றார் ஐயாசாமி.

அவன் முகம் சட்டென்று வெளுத்தது. "ஆழியாறு வரைக்கும் வாரனுங்க. அதுக்கு மேல... நான் வரலீங்க."

"பாத்தீங்களாப்பா? வண்டி ஏறாது. அதான் கல்லு, அதான் வரமாட்டேங்கறாரு. நாம வேற எடம் பாக்கலாம்."

அந்தச் சொல் அவனை எங்கோ தைத்துவிட்டது. கல்லை டிக்கியில் வைத்து மூடினான்.

"ஏறுமுங்க. நானே வாரேன்."

கோபத்தில் கூட 'ங்க' போடுகிறவனை எப்படித்தான் வெறுப்பது? அந்த வாரம் முழுக்க அவள் அதைத்தான் யோசித்தாள். கூடவே, உள்ளங்கையும் வேர்த்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆழியாறு வரை பிரவின் ஓட்டினான். செக்போஸ்ட் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, பக்கத்துச் சீட்டுக்கு மாறிக்கொண்டான். இனி அவள்தான்... மேலே மலையைக் காணோம், மேகம் மட்டும்தான் இருந்தது. ஐயாசாமி பின்சீட்டில் ஓர் எலுமிச்சம்பழத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி பெயரையெல்லாம் முணுமுணுத்தார்.

முதல் வளைவு... இரண்டாவது... வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது. சாரல் கண்ணாடியில் விழுந்தது. வைப்பர் அதைத் துடைப்பதற்குள் மறுபடி விழுந்தது. பக்கத்தில் பார்த்தாள். பிரவின் கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன.

"நான் அவ்வளவு மோசமாவா ஓட்டறேன்?"

"நல்லாத்தானுங்க ஓட்டறீங்க."

"அப்பறம்?"

அவன் கைப்பிடியை விடவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"போன வருசம் எங்கம்மாவ ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனனுங்க. இதே வண்டி. ஒரு வளைவுல நின்னுபோச்சு. மறுபடி எடுக்கறப்ப... பின்னாலயே போயிருச்சு. செவுத்த இடிச்சுப் பின்சக்கரம் அந்தரத்துல நின்னுது. வண்டியில ஒரு கொறையுமில்ல. என்ற காலுதான் நடுங்கிருச்சு. மேல வந்த பஸ் கண்டக்டரு ஓடியாந்து முன்சக்கரத்துக்கு ஒரு கல்ல வெச்சாரு. அந்தக் கல்லுதானுங்க இது."

மதிவதனி கியரைக் குறைத்து வண்டியை மெல்லச் செலுத்தினாள்.

"மலையில பொறந்தவன் மலையப் பாத்துப் பயந்தா, சொன்னாச் சிரிப்பாங்கங்க. அதுக்கப்பறம் நான் ஊட்டுக்கே போகல. அம்மாதான் பஸ்ஸுல எறங்கி வந்து பாத்துட்டுப் போகும்... அடுத்த வளைவுதானுங்க அது."

அடுத்த வளைவா!

வளைவின் பாதியில் இருக்கும்போது மேலேயிருந்து பஸ் வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது மலையின் சட்டம். ஆனால் பஸ் ஏற்கெனவே திரும்பத் தொடங்கியிருந்தது. மதிவதனி பிரேக்கை மிதித்தாள். பஸ் அவர்களை உரசாத குறையாக ஊர்ந்து இறங்கி, பனிக்குள் மறைந்தது.

கார் நின்றது ஏற்றத்தில். பின்னால் முழங்கால் உயரச் சுவர். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் பின்னால் உருண்டது. அலறிக்கொண்டு மிதித்தாள். அணைந்துவிட்டது. மறுபடி எடுத்தாள்... மறுபடி உருண்டது. ஹேண்ட்பிரேக் இருப்பதே பதற்றத்தில் அவளுக்கு மறந்துபோயிருந்தது. பின்சீட்டில் முணுமுணுப்பு நின்றுவிட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது. அவ்வளவுதான், வேலை போயிற்று... வேலை கிடக்கட்டும், மூன்று உயிர்!

"என்னால முடியலீங்க..." தன் கால் நடுங்குவதை அவளே பார்த்தாள். "பிரவின்... முடியல."

அவன் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் அவளைப் பார்த்தான். அவன் உதடும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கதவைத் திறந்து மழையில் இறங்கினான். டிக்கி திறந்து மூடியது. அந்தச் சுவருக்கும் காருக்கும் நடுவே, எந்த இடத்தை நினைத்து ஒரு வருஷம் தூக்கம் கெட்டானோ அதே இடத்தில், அவன் மண்டிபோடுவது தெரிந்தது.

"காலெடுங்க!" என்று பின்னாலிருந்து கத்தினான். "கல்லு இருக்குது. நானும் இருக்கறேன். பயப்படாம எடுங்க!"

அவன் இருக்கிறான். வண்டி உருண்டால் முதலில் அவன்மீதுதான் உருளும்... இந்த நினைப்பு வந்ததும் அவள் கால் நடுங்குவதை மறந்துபோனது. காலை எடுத்தாள். கார் அசையவில்லை. கிளட்சை மெல்ல விட்டு, இன்ஜின் முக்கும் சத்தம் கேட்டதும் ஆக்சிலேட்டரை அழுத்தினாள்.

ஏறியது! நிறுத்தினால் மறுபடி மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில், மேலே ஓரமாகச் சமதரை தெரிகிறவரை அவள் நிற்கவே இல்லை.

பிறகுதான் பின்கண்ணாடியைப் பார்த்தாள். பனி மட்டும்தான் இருந்தது.

"எங்கப்பா அவரு?"

"வருவாரு கண்ணு."

வரவில்லை. மழை வலுத்தது. நனைந்த ரோடு, வழுக்கும் விளிம்பு, குட்டைச் சுவர்... அவள் கதவைத் திறந்து ரோட்டில் நின்றாள். சற்றுமுன் பட்ட பயமெல்லாம் இந்தப் பயத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒரு வாரப் பழக்கம்கூட இல்லாத ஒருவனுக்காக இப்படி நெஞ்சு அடைக்குமா? அடைத்தது. அவன் வந்தால் போதும் என்று இருந்தது.

பனிக்குள் ஓர் உருவம் தெரிந்தது. தலை முதல் கால் வரை நனைந்து, மூச்சு வாங்க, பச்சைக் குழந்தையை அணைத்த மாதிரி கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான் பிரவின்.

"ஏனுங்க இவ்வளவு நேரம்?" அவள் கத்தியே விட்டாள். "எனக்கு உயிரே போயிருச்சு!"

"கல்லு கனமுங்க..."

"அங்கயே போட்டுப்போட்டு வரவேண்டியதுதான?"

"போட்டுட்டு வந்தா... அடுத்த வளைவுல உங்களுக்கு எத வெக்கறதுங்க?"

மதிவதனிக்குக் கண் நிறைந்துவிட்டது. மழையில் யாருக்குத் தெரியப்போகிறது என்று துடைக்காமல் விட்டாள். துப்பட்டாவின் நுனியை மட்டும் அவனிடம் நீட்டினாள். அவன் கை நிறையக் கல், அதனால் வாங்கத் தெரியாமல் விழித்தான். அவளே அவன் நெற்றியைத் துடைத்தாள். துடைத்தபிறகுதான் காருக்குள் அப்பா இருப்பது நினைவுக்கு வந்தது...

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

"இருந்துச்சு. இப்பவும் இருக்குது" என்றான் அவன். "ஆனா எனக்கு என்னாகும்னு இல்லீங்க. உங்களுக்கு எதாச்சும் ஆயிருமோன்னு... அந்தப் பயம் இன்னியோட போயிருமுன்னு தோணலீங்க."

அவள் தலை குனிந்தது. நிமிர்ந்தபோது குரலில் பழைய கறார்.

"வண்டி எனக்குப் புடிச்சிருக்குதுங்க. வாங்கிக்கறேன். ஆனா கல்லயும் சேத்துத் தரோணும்."

"கல்லு வண்டியோட வராதுங்க" என்றான் மெதுவாக. "அது என்கூடத்தான் வரும்."

"அப்ப..." குரல் அவளை மீறி உடைந்தது. "நீங்களும் வாங்க."

காரின் பின்கதவுக் கண்ணாடி இறங்கியது. நசுங்கிய எலுமிச்சம்பழத்தோடு ஐயாசாமி தலையை நீட்டினார்.

"ஏன் தம்பி, உங்கம்மா ஊட்டுல இருப்பாங்களா?"

"இருப்பாங்கங்க."

"அப்ப போன் போட்டுச் சொல்லுங்க, மூணு பேரு வாரோம்னு. என்ற புள்ள ஓட்டிட்டு வருதுன்னு சொல்லுங்க." பிறகு மகளைப் பார்த்து, "நனையாத கண்ணு, வண்டிய எடு" என்றார். கண்ணாடி ஏறியது.

பிரவின் கல்லை டிக்கியில் போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மேலே இன்னும் நிறைய வளைவுகள் இருந்தன. மதிவதனி பயந்துகொண்டேதான் முதல் கியரைப் போட்டாள்.