பன்னிரண்டாம் எண் சதை

செல்போன் அலறியது.

கவிநிலா ஆயுத பூஜைப் பொரியை டப்பாவில் அள்ளிக்கொண்டிருந்தாள். விஜயதசமிக் காலை. மணி ஒன்பது.

மறுமுனையில் கணவன் இளஞ்செழியன்.

"கவி... பதறாத. கலையரசன் சார் ஃப்ரீசர் ரூம்ல செத்துக் கிடக்கறாரு. மண்டையில அடி. நான்தான் பண்ணேன்னு சொல்றாங்க..."

லைன் அறுந்தது. பொரி தரையெங்கும் சிதறியது!

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டி ஒரு தனியார் ஆராய்ச்சி மையம். டாக்டர் கலையரசன் அதன் தலைவர். இளஞ்செழியன் டெக்னீஷியன்.

ஆட்டோவிலிருந்து குதித்தாள். வாசலில் போலீஸ் ஜீப். உள்ளே இளஞ்செழியன். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

ஏன் குனிகிறான்..?

இன்ஸ்பெக்டர் கீதாஞ்சலி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஒவ்வொன்றாக அடுக்கினாள். டாக்டர் இறந்தது நேற்று மாலை நாலு மணி வாக்கில். அந்த நேரத்தில் வாசல் கதவில் பதிவானது இளஞ்செழியனின் கார்டு மட்டும்தான். பூஜை விளக்கை மலையேற்ற வந்தேன் என்கிறான். மாடியில் டாக்டர் கோதண்டராமன் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ரிசல்ட் பேப்பரே இருக்கிறது.

"பன்னெண்டு மணிக்கு உன் வீட்டுக்காரரை மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும்மா."

"விளக்கணைக்க வந்தவர் கொலை பண்ணுவாரா மேடம்?"

"காரணம் இருக்கு. கலையரசன் மூணு நாள் முன்னாடி தானே அளந்து எழுதின நோட்டு. இந்த ஆராய்ச்சி என்னன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும். இரவுச் சாப்பாட்டில் ரசத்தோடு சேர்த்து அவன் ஊட்டிவிட்ட பாடம். புடவை நூல் பிரியாமல் முந்தானையில் குஞ்சம் முடிகிறோமே, அதுபோல மரபணு நூலின் நுனியிலும் ஒரு முடிச்சு. டெலோமியர். செல் பிரியப் பிரிய அது தேயும்; வயசு ஏற ஏறக் குட்டையாகும். ரத்தம் ஓயாமல் பிரிகிறது, அதனால் அங்கே குட்டை. தசை சும்மா கிடக்கிறது, அதனால் அங்கே நீளம். ஆரோக்கியமான நாற்பது பேரிடம் ரத்தம், தோல், தசை மூன்றையும் எடுத்து அளந்துபார்க்கிறார்கள். மாதாமாதம் கிரிவலம் நடக்கும் கவிநிலாவும் அதில் ஒருத்தி. எண் பன்னிரண்டு.

கீதாஞ்சலி நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.

பன்னிரண்டு. ரத்தம் ஏழு புள்ளி நாலு. தசை ஆறு புள்ளி ஆறு.

சுற்றி சிவப்பு வட்டம்!

"நாப்பது பேர்ல உனக்கு மட்டும் தசை குட்டை. ஏன்னா அது உன் தசையே இல்ல. உன் வீட்டுக்காரரோடது. இப்பதான் ஜீப்ல ஒத்துக்கிட்டாரு."

கவிநிலா தன் தொடையைத் தொட்டுப் பார்த்தாள்.

சதை எடுக்கப் போன அன்று ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்தாள். விழித்தபோது தொடையில் பிளாஸ்டர். "எல்லாம் முடிஞ்சுது கவி" என்றான். வீட்டில் பிரித்துப் பார்த்தாள். தழும்பே இல்லை. அண்ணாமலையார் விபூதியைத் தடவியதால்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்!

அன்றிலிருந்து நொண்டுகிறவன் அவன். கிரிவலப் பாதையில் கல் குத்திவிட்டது என்றான்.

தன் தொடையில் குத்திக்கொண்டு...

"கலையரசன் கண்டுபிடிச்சிட்டாரு. வேலை போயிடும்னு உன் வீட்டுக்காரர் அடிச்சிட்டாரு. கேஸ் முடிஞ்சுது."

கடிகாரத்தில் பதினொன்று பத்து.

அழுதால் நேரம் போகும். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"மேடம், நேத்து கோதண்டராமன் சார் எடுத்த ரிசல்ட்டை நான் பார்க்கலாமா?"

பேப்பர் வந்தது. கூடவே கோதண்டராமனும் வந்தார். தங்க ஃபிரேம் கண்ணாடி, நெற்றியில் விபூதி. பாவம் பிள்ளை, கோபத்தில் செய்துவிட்டான் என்று உருகினார்.

கவிநிலாவின் விரல் பன்னிரண்டாம் வரியில் நின்றது.

ரத்தம் ஏழு புள்ளி நாலு. தசை எட்டு புள்ளி ஐந்து.

"சார், இது அதே டியூப்தானா?"

"அதேதான்மா. மறுபடி எல்லாத்தையும் அளந்து பாருங்கனு கலையரசன்தான் சொன்னாரு."

"அப்படின்னா என் வீட்டுக்காரர் தசை ரெண்டே நாள்ல எப்படி சார் என் தசையா மாறிச்சு?"



கோதண்டராமன் தொண்டையைச் செருமினார். "கலையரசன் தப்பா அளந்திருப்பாரு. சகஜம்."

"தப்பா அளந்தவர், தசை வேற ஆளோடதுன்னு மட்டும் சரியா கண்டுபிடிச்சாரா?" கீதாஞ்சலியின் குரல் மாறியிருந்தது.

"மாடிக்குப் போலாமா மேடம்? நேத்து காலை பூஜையில எல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சது நான்தான்."

படியேறினார்கள். மேசைமேல் அந்த அளக்கும் மெஷின். மூடியும் அடிப்பாகமும் சேரும் விளிம்பில், பாதி மேலே பாதி கீழே, உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். அவள் கை தாராளம்.

முழுசாகக் காய்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை!

கீதாஞ்சலி போட்டோ எடுத்துக்கொண்டாள். கையுறை மாட்டி, மூடியை மெல்ல நெம்பினாள்.

பட்.

சந்தனம் இரண்டாகப் பிளந்து உதிர்ந்தது.

"நாலு மணி நேரம் மெஷின் ஓட்டினீங்க. டியூபை எது வழியா உள்ள போட்டீங்க டாக்டர்?" என்றாள் கீதாஞ்சலி.

கோதண்டராமன் படியை நோக்கி ஓடினார். கீழே நின்ற ஏட்டின் நெஞ்சில் முட்டி நின்றார்.

அப்புறம் எல்லாம் கொட்டியது. ஒரு வருஷமாகவே அவர் மெஷினைத் தொடுவதில்லை. தசை நீளம், ரத்தம் குட்டை என்று பேனாவாலேயே அளந்துகொண்டிருந்தார். நேற்று நாலு மணிக்கு முன்பே அவர் எழுதி முடித்துவிட்ட பேப்பரில் பன்னிரண்டாம் எண்ணைப் பார்த்ததும் கலையரசனுக்கு அந்தப் பொய் விளங்கிவிட்டது. ஃப்ரீசர் ரூமில் கூப்பிட்டுக் கேட்டார். கேட்டதற்கு பதில், இரும்பு ஸ்டாண்டால் ஒரே அடி.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம்.

ஜீப்பிலிருந்து இளஞ்செழியன் இறங்கினான். இன்னமும் லேசாக நொண்டினான்.

"நீ மயங்கிக் கிடந்தியா... உன்னைக் குத்த மனசு வரல கவி. பொய் சொன்னது தப்புதான். வேலை போகும்."

"போகட்டும்." அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்படியே சாய்ந்து அழுதாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஆமா, பொண்ணு பார்க்க வந்தப்ப என்னைவிட அஞ்சு வயசுதான் பெரியவர்னு சொன்னீங்க. உங்க சதையைப் பார்த்தா அப்படித் தெரியலையே... வீட்டுக்குப் போனதும் அந்த பர்த் சர்டிபிகேட்டைக் கொஞ்சம் எடுங்க!"