துளை இல்லாத பட்டன்

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

சின்னவள் இப்படி ஆரம்பித்தால், கோபம் வருகிற மாதிரி ஏதோ கேட்கப் போகிறாள் என்று அர்த்தம். பதினாறு வருடப் பழக்கத்தில் பெரியவளுக்கு அது தெரியும். காலை ஏழு மணி. முன்னறை மேசைமேல் நாற்பது பள்ளிச் சட்டைகளுக்கான வெள்ளைத் துணி விரிந்து கிடந்தது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த இருவரும் சேர்ந்து நடத்தும் தையற்கடை. வெட்டுவது பெரியவள், தைப்பது சின்னவள். ஒருத்தி வேலையில் மற்றவள் கை வைப்பதில்லை.

"கேளேன்."

"ஒரு மாசமா விடிஞ்சதும் கத்திரியைப் பிடிச்சுடறீங்க. சரக் சரக்குனு வெட்டித் தள்றீங்க. அப்போ... ரெண்டு வருஷமா விரல் மடங்கலைன்னு சொன்னதெல்லாம்?"

பெரியவளின் கை நின்றது. "நடிச்சேன்னு சொல்றியா?"

"நான் அப்படிச் சொல்லலை! ஆனா காலையெல்லாம் சும்மா உக்காந்துட்டு, மத்தியானத்துக்கு மேல மூச்சு விடாம தைச்சது யாரு? எனக்கும் முதுகுன்னு ஒண்ணு இருக்குல்ல!"

பெரியவள் குனிந்து மறுபடி துணியை வெட்டத் தொடங்கினாள். வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மார்பில் வந்த புற்றுநோயை அறுத்தெடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்து, "பொழைச்சுட்டீங்கம்மா" என்று டாக்டர் சொன்னதோடு வீட்டார் நிம்மதியாகிவிட்டார்கள். அது திரும்பி வராமலிருக்க ஐந்து வருடத்துக்குத் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை என்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துளியூண்டு மாத்திரைதானே! அந்தத் துளியூண்டு படுத்திய பாடு அவளுக்குத்தான் தெரியும். உட்கார்ந்திருக்கும்போதே உள்ளே அடுப்பு மூட்டினாற்போல் உடம்பு கொதித்து ரவிக்கை நனைந்துவிடும். மின்விசிறியைக் கூட்டினால், துணி பறக்கிறதென்று சின்னவள் முறைப்பாள். விடிந்ததும் விரல்கள் மரக்கட்டை. பதினோரு மணிக்கு முன் கத்திரியின் வளையத்துக்குள் நுழையாது. தொட்டதற்கெல்லாம் எரிச்சல், எரிந்து விழுந்தபின் அழுகை.

ஐந்து வாரத்துக்கு முன் ஒருநாள், "முடியலைன்னா சொல்லிடுங்கக்கா, வெட்ட வேற ஆளைப் பாத்துக்கலாம்" என்று சின்னவள் வாய் தவறிச் சொன்னாள். அன்றோடு மாத்திரையை நிறுத்தினாள் பெரியவள். உயிர் போனாலும் கத்திரி கையைவிட்டுப் போகக்கூடாது என்று ஒரு வீம்பு. லாரி ஓட்டும் கணவர் வீடு திரும்பியதும் மாத்திரை அட்டையைத் தூக்கிப் பார்ப்பார். ஆகவே தினமும் ஒன்றைப் பிதுக்கி எடுத்துவிடுவாள். குப்பையில் போட மனம் வரவில்லை. மிஞ்சின பட்டன்கள் கிடக்கும் பழைய டப்பாவை யாரும் திறப்பதில்லை. அதில் போட்டு வந்தாள். வெள்ளையோடு வெள்ளை.

காலையில் அந்தப் பேச்சு நடந்த அன்றே மத்தியானம் பார்த்து, சட்டைகளுக்குப் பட்டன் நாலைந்து குறைந்தது. சின்னவள் அந்த டப்பாவைத் திறந்தாள்.

"என்னக்கா இது, துளையே இல்லை!"

ஊசியால் குத்திப் பார்த்தாள். பட்டன் பொடியாக உதிர்ந்தது. இன்னொன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மாதாமாதம் மருந்துக்கடைக்குப் போய் வாங்கி வருகிறவளே அவள்தான். அடையாளம் தெரியாமல் போகுமா? டப்பாவை அப்படியே மேசைமேல் கவிழ்த்து, பொறுக்கிப் பொறுக்கித் தனியே வைத்தாள். வைக்க வைக்க அவள் முகம் வெளுத்தது.

"எத்தனை நாளாக்கா?"

"வேற ஆளைப் பாத்துக்கலாம்னு சொன்னியே... அன்னிலேர்ந்து."

சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ! என் பாழும் வாய்க்காக உங்க உயிரைப் பணயம் வெப்பீங்களா? அதுவும் தெரியாம காலையில வேற அப்படிப் பேசிட்டேனே! அன்னிக்கே என்னைத் திட்டியிருக்கலாமே... ரெண்டு அறை விட்டிருக்கலாமே!"

"அன்னிக்கு விரலே மடங்கலை, எங்கேர்ந்துடி அறையறது?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சின்னவள், அறுவை நடந்த பக்கம் இடிக்காமல், வாகாக அவளைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனார்கள். "வலின்னு சொல்லியிருந்தா அப்பவே வேற மாத்திரை மாத்தியிருப்பேனே! சொல்லாம நிறுத்தினதுதான் தப்பு" என்று கடிந்துகொண்டு, அவர் வேறொன்று எழுதிக் கொடுத்தார். விறைப்பு குறையலாம், அடியோடு போகுமென்று சொல்ல முடியாது என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் மாத்திரையைச் சின்னவள் கண்ணெதிரே விழுங்கினாள் பெரியவள்.

விரல்கள் மெல்ல மெல்ல மறுபடி மக்கர் செய்தன. முன்னளவு இல்லை; ஆனால் காலையில் கத்திரி பிடிக்க வரவில்லை. அப்படியொரு காலையில் வழக்கமாக வரும் டீச்சரம்மா துணியோடு வந்து நின்றாள்.

"இப்பவே வெட்டிக் குடுத்தா நல்லாயிருக்கும்மா."

பெரியவள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் என்ன சொல்வது என்று தடுமாறுவதற்குள் சின்னவள் மிஷினைவிட்டு எழுந்து வந்தாள்.

"பதினோரு மணிக்கு மேலதான் எங்க அக்கா கத்திரி தொடுவாங்க. அவசரம்னா வேற கடை பாருங்க."

"அட, நீயே வெட்டித் தைச்சுடேன்."

"அவங்க வெட்டாத துணியை நான் தைக்கறதில்லை டீச்சர்."

வந்தவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சாயங்காலம் வருவதாகச் சொல்லித் துணியைக் கொடுத்தாள். பெரியவள் முந்தானையிலிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து அதை வாங்கிக்கொண்டாள்.