முதல் ஓட்டத்து டியூப்

குழாய் வாயில் கட்டியிருந்த வேட்டித் துணி அன்று காலை கனத்துத் தொங்கியது. மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரில் துருவும் மண்ணும் வருகிறது என்று ஐயப்பன்தாங்கலில் வீட்டுக்கு வீடு கட்டுகிற துணிதான். சொர்ணம் தினமும் அவிழ்த்து உதறுவாள். கொஞ்சம் மண் விழும், அவ்வளவுதான். இன்று அவிழ்த்தபோது உள்ளே கொழகொழவென்று ஏதோ உருண்டது. பிழிந்தாள். விரலிடுக்கில் வெள்ளையாக, சளி மாதிரி, நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அதைவிடப் பெரிய அருவருப்பு, அது வெதுவெதுவென்று இருந்ததுதான். வெளியே ஐப்பசி மழை கொட்டுகிறது. தொட்டித் தண்ணீருக்கு எங்கிருந்து வந்தது சூடு?

சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவுகிற தண்ணீரும் அதுதானே என்று கையை முந்தானையில் அழுந்தத் துடைத்தாள். தாய்ப்பால் வற்றிப்போன பிறகு குழந்தைக்குப் பவுடர் பால்தான். அதை இந்தத் தண்ணீரில்தான் கரைக்கிறாள். ஒரு வாரமாகப் பிள்ளை வெளுத்துக்கொண்டே போகிறது, உதட்டில்கூட நிறமில்லை.

குழாயில் மாட்டிய பிளாஸ்டிக் டியூப் வந்தும் ஒரு வாரம்தான் ஆகிறது. இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழ, புருஷன் கஜபதி தான் வேலை செய்யும் திருமழிசை டியூப் கம்பெனியிலிருந்து ஒரு சுருள் கொண்டுவந்தான். மெஷினில் புது மால், அதாவது உருக்குகிற பிளாஸ்டிக், போட்டால் முதல் ஓட்டம் கோணல்மாணலாக வரும், விற்க முடியாது; வேலைக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது அங்கே வழக்கம். சுவர்ப் பைப்பையும் சமையல் மேடைக் குழாயையும் அந்த டியூபால் இணைத்து, சைக்கிள் ரப்பர் சுற்றிக் கட்டிவிட்டான். மிச்சத்தை வெட்ட மனசு வராமல் மேடைக்கடியில் சுருட்டியும் வைத்தான்.

"இன்னாய்யா டியூபு இது? ஒரே கவுச்சி."

"புச்சு டியூபு அப்டித்தாம்மே இருக்கும்," என்றான் கஜபதி, சட்டையை மாட்டிக்கொண்டே.

"இன்னாத்துல செஞ்சது?"

அவன் கழுத்தைச் சொறிந்தான். "ஆஸ்பத்திரி மாலு. ரத்தம் ஏத்துறானுங்களே, அந்த டியூபு. மூட்ட மூட்டயா வருது. கயுவி, அரச்சு, உருக்கித்தான் ஊத்துறோம். உருக்குன பொறவு அதுல இன்னா கீது?"

"நல்லா கயுவுனீங்களா?"

"சாய்ங்காலம் வந்து மாத்திடறேன்," என்றவன், குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

மத்தியானம் கரண்ட் போனது. மழை இருட்டில் அந்த ஒற்றை அறையே குறுகிப்போனது போலிருந்தது. மூலையில் தூளிக்குள் குழந்தை தூங்கியது. ஈர விறகு, மண்ணெண்ணெய், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கவுச்சி, நாள்பட்ட காயத்துக் கட்டை அவிழ்த்தால் அடிக்குமே, அப்படி. சொர்ணம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேடைக்கடியில் குனிந்து பார்த்தாள். குழாய் மூடித்தான் இருந்தது. ஆனாலும் டியூப் மெல்ல உப்பியது. இளைத்தது. மறுபடி உப்பியது.

சீ! இதில் வந்ததையா பிள்ளைக்குக் கொடுத்தேன்! சாயங்காலம் வரை பொறுக்க முடியாது. கத்தியை எடுத்து, குழாயோடு ஒட்டி ஒரே இழுப்பாக அறுத்தாள். பிளாஸ்டிக் அறுபடுகிற மாதிரி இல்லை. கோழித் தொண்டை மாதிரி நெகிழ்ந்து கொடுத்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மறுமுனை சுவர்ப் பைப்பிலேயே இருக்க, அறுந்த முனை வழுக்கி மேடைக்கடியில் விழுந்தது.

தொட்டி காலி போலிருக்கிறது. போகட்டும், சனியன் ஒழிந்தது. பால்புட்டியையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு தெரு அடிபம்புக்குப் போனாள். மழையில் நனைந்தபடியே புட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இனிமேல் பிள்ளைக்கு இந்தத் தண்ணீர்தான். நினைக்கவே மனசு லேசானது.

திரும்பி வந்து கதவைத் தள்ளினாள்.

சப்புகிற சத்தம்.

பசியில் கை சப்புகிறது என்று நினைத்தாள். "தோ வந்துட்டேன் கண்ணு..."

தூளி லேசாக ஆடியது. காலில் ஏதோ தட்டுப்பட்டது. வெதுவெதுப்பாக. குனிந்தாள். டியூப். மேடைக்கடியில் சுருள் இல்லை. முழுசும் பிரிந்திருந்தது. தரை நெடுக. தூளி வரைக்கும். தூளிக்குள்ளும்.

குடம் கைநழுவியது.

துணியை விலக்கினாள். குழந்தையின் கண்கள் திறந்திருந்தன. இரண்டு கையாலும் டியூபைப் பிடித்திருந்தது. வாயில் முனை. சொர்ணம் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். உதடும் சேர்ந்து வந்தது. ஒட்டிப்போய். டியூபோடு ஒன்றாக.

கைக்குள் அது உப்பியது. இளைத்தது. உள்ளே சிவப்பாக ஏதோ ஓடியது. பிள்ளையை நோக்கி அல்ல.

சுவரை நோக்கி.

மொட்டை மாடியில், காலித் தொட்டிக்குள், சொட்டுச் சொட்டாகச் சிவப்பு ஊற ஆரம்பித்தது.