உரப்பையில் ஓர் ஓட்டை

ரயில் மாங்குளம் தாண்டியபோது, மடியிலிருந்த உரப்பையின் ஓட்டை மறுபடியும் யன்னல் பக்கம் திரும்பியிருப்பதைச் சுதர்சினி கண்டாள். இரண்டு முறை அதைத் தன் வயிற்றுப் பக்கம் திருப்பி வைத்தவள் அவள்தான்.

“உதுக்குள்ள என்ன, பூனையே?” முன்னாலிருந்த பெண் முகம் சுளித்தாள்.

“ஓம் அக்கா. வவுனியாவில விடப்போறன்.”

“விடப்போற பூனைக்கு ஆராவது ஓட்டை வைப்பினமே? வழியைப் பாத்துக்கொண்டு திரும்பி வந்திடுமெல்லே!”

“மூச்சு முட்டும் எண்டுதான்...”

“எங்களுக்குத்தான் மூச்சு முட்டுது,” என்றார் பக்கத்திலிருந்தவர். “மனுசர் இருக்கிற பெட்டிக்குள்ள உதென்ன நாத்தம்? அடுத்த ஸ்ரேசனில இறங்கும்.”

அவள் இறங்கவில்லை. புளியங்குளத்தில் அவர்கள்தான் எழுந்து வேறு பெட்டிக்குப் போனார்கள். சுற்றிலும் இருக்கைகள் வெறுமையாயின.

பூனை மணமல்ல அது. பூச்சியுருண்டையும் பழைய தேங்காயெண்ணெயும் கலந்த, நெடுநாள் திறக்காத அலுமாரியின் மணம். இறந்துபோன மேனுகாவின் அலுமாரி. சுதர்சினியின் கணவன் விஜிதரனுக்கு அவள் முதல் மனைவி. கறுப்புப் பூனை அவள் வளர்த்தது. சுதர்சினி வாழவந்த நாளிலிருந்து அது இரவில் இருவருக்கும் நடுவிலேயே படுத்தது. அது போனால்தான் இது தன் வீடு என்று அவளுக்குப் பட்டது. இன்று விஜிதரன் வயலுக்குப் போனதும், பூனை யன்னலால் புகுந்து படுக்கும் அந்தப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, இருண்ட அலுமாரியின் கீழே கையை விட்டாள். மெத்தென்ற மயிர் அகப்பட்டது. இழுத்துப் பைக்குள் திணித்துக் கட்டினாள். அது கத்தவில்லை. கீறவுமில்லை.

வெளியே பனைகள் கறுத்துக்கொண்டிருந்தன. கைபேசி அடித்தது. விஜிதரன்.

“எங்க நிக்கிறீர்?”

“கோச்சியில ஏறீட்டன். அம்மாட்டைப் போறன் எண்டு சொன்னனானெல்லே.”

“அது சரி, உம்மட எதிரியைப் பட்டினி போட்டிட்டோ போனனீர்? காலுக்குள்ள நிண்டு கத்துறா. கேளும்.”

கேட்டது. பசித்த பூனையின் நீண்ட கத்தல், அவளுடைய குசினி அடுப்படியிலிருந்து.

மடியில் பை மெல்ல அசைந்தது.

“சுதா? சுதா, கேக்குதே?”

தொடர்பு அறுந்தது. பையைத் தள்ளப் பார்த்தாள். முடியவில்லை. ஏறும்போது ஒரு கையால் தூக்கிய பை. இப்போது தொடை மரத்துப்போகும் கனம், ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல.

ஓட்டை யன்னல் பக்கம் இருந்தது.

ஓமந்தைப் பெயர்ப்பலகை கடந்தது. பைக்குள் யாரோ மூச்சிழுத்தார்கள். பிறகு ஒரு முணுமுணுப்பு. பாடம் ஒப்புவிக்கும் பிள்ளையைப்போல, கவனமாக.

“ஓமந்தை... புளியங்குளம்... மாங்குளம்... முறிகண்டி...”

திரும்பிப் போகும் வழி.

பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. ஓட்டை மெல்லத் திரும்பியது. யன்னலை விட்டு. அவளை நோக்கி.

அதற்குள்ளிருந்து ஒரு விரல் நீண்டது. மெலிந்த, வெளிறிய விரல். அவளுடைய தாலிக்கொடியைத் தேடி எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கியது.